மூக்கு எது, ஒட்டு எது? நேப்பிள்ஸ் மியூசியத்தில் அரை நாள்

கேள்வி இது: "குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். மாமியாரும் 12 வயது மகனும் உடன் வருகிறார்கள். போன வருடம் லண்டனில் கிரேக்க, ரோமானியச் சிலைகள் வைத்திருக்கும் கூடங்களில் அரை மணி நேரத்திலேயே சலித்துவிட்டது. எல்லாம் வெள்ளையாக, மூக்கில்லாமல், ஒரே மாதிரி. நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்கலாமா, பொம்பெயி மட்டும் பார்த்தால் போதுமா? போனால் எதைப் பார்ப்பது?"

ஒதுக்குங்கள். பொம்பெயியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது, குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போன வீட்டைச் சுற்றிப் பார்ப்பது மாதிரி. சுவர் இருக்கும், முற்றம் இருக்கும், அடுப்படி இருக்கும். சாமான் எல்லாம் இங்கே வந்துவிட்டது. எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்த ரோமானிய ஊரை 18ஆம் நூற்றாண்டில் தோண்டியவர்கள், சுவரில் நல்ல ஓவியம் கண்டால் அந்த இடத்தை மட்டும் சதுரமாக அறுத்தெடுத்து, சட்டம் போட்டு மாட்டினார்கள். பொம்பெயி வீட்டுச் சுவர்களின் நடுவே காரை பெயர்ந்த கட்டங்களைப் பார்த்தால் இது நினைவிருக்கட்டும். அதனால் முதல் நாள் பொம்பெயி, மறுநாள் மியூசியம். வரிசையை மாற்றாதீர்கள். செவ்வாய்க்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை, அதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இனி சலிப்பு விஷயம். அது உங்கள் தவறில்லை. முதல் தடவை நேப்பிள்ஸ் போனபோது நானும் ஒவ்வொரு சிலைக்கும் கீழே உள்ள அட்டையைப் படித்துப் படித்து, பத்தாவது வீனஸில் தோற்றுப்போய் வெளியே வந்து காபி குடித்தேன். அடுத்த முறை, சிலைகளைப் பழுதுபார்க்கும் வேலை செய்யும் ஒருவர் உடன் வந்தார். அவர் சொன்ன ஒரே யோசனை: "முகத்தை அப்புறம் பார். முதலில் கணுக்காலைப் பார்."

பார்த்தால், பாதிச் சிலைகளின் காலோடு ஒட்டிக்கொண்டு ஒரு மரத்தின் அடிக்கட்டை நிற்கிறது. போர்வீரன் காலடியிலும் கட்டை, ஓட்டக்காரன் காலடியிலும் கட்டை. அத்தனை பேரும் மரத்தடியிலா நின்றார்கள்? காரணம் வேறு. கிரேக்கர்களின் பேர்பெற்ற சிலைகளில் பல வெண்கலத்தால் ஆனவை. உள்ளே கூடாக வார்த்த வெண்கலம் எடை குறைவு, இழுத்தாலும் உலோகம் சட்டென்று முறியாது. இரண்டு கணுக்கால் போதும், ஆள் நிற்பான், கையை நீட்டுவான், ஒரு காலைத் தூக்குவான். பிற்காலத்தில் அந்த வெண்கலத்தையெல்லாம் உருக்கிக் காசாகவும் கருவியாகவும் ஆக்கிவிட்டார்கள். நமக்கு மிஞ்சியதில் பெரும்பகுதி, ரோமானியப் பணக்காரர்கள் தங்கள் தோட்டத்துக்கும் குளியல் மண்டபத்துக்கும் பளிங்கில் செய்து வாங்கிய நகல். பளிங்கு கனம், வளையாது, முறியும். அதே ஆளைப் பளிங்கில் நிறுத்தினால் கணுக்காலில் ஒடிந்துவிடும். அதனால் நகல் செய்த சிற்பி ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தான். கட்டை தெரிந்தால், அதற்குப் பின்னால் காணாமல் போன ஒரு வெண்கலச் சிலை இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லாச் சிலைக்கும் இது பொருந்தாது என்றாலும், நல்ல தொடக்கம்.

இதைச் சரிபார்க்க ஏற்ற ஆள், ஈட்டி ஏந்தியவன் என்று பெயர் பெற்ற டோரிஃபோரஸ். பாலிக்ளீட்டஸ் என்ற சிற்பி கி.மு. 440 வாக்கில் வெண்கலத்தில் செய்தது. இங்கே நிற்பது பொம்பெயியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 1797இல் கிடைத்த பளிங்கு நகல். இருக்கிற நகல்களில் இதுதான் முழுமையானது என்பார்கள். எடை முழுவதும் வலது காலில். அந்தக் காலுக்குப் பின்னால்தான் கட்டையும் இருக்கிறது. தொங்கும் வலது கை மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் நடுவே விரல் கனத்துக்கு ஒரு பளிங்கு முட்டு. மகனை அதைத் தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்ததும் மனதுக்குள் மரக்கட்டை, பளிங்கு முட்டு இரண்டையும் அழித்துவிட்டு, தோளில் ஈட்டியைச் சாய்த்து, உடம்பைப் பழுப்பு நிறமாக்கிப் பாருங்கள். ஒரே மாதிரி என்று தோன்றிய சிலை சட்டென்று எழுந்து நடக்கத் தொடங்கும்.

இன்னொரு ஜோடி, ஹார்மோடியஸ், அரிஸ்டோகீட்டன். கி.மு. 514இல் ஏதென்ஸின் கொடுங்கோலனுடைய தம்பியைக் குத்திக் கொன்ற இருவர். ஏதென்ஸ்காரர்கள் இவர்களுக்குச் சிலை வைத்தார்கள். கி.மு. 480இல் பாரசீக மன்னன் செர்க்ஸஸ் படையெடுத்து வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மூன்று வருடத்தில் வேறு இரு சிற்பிகளைக் கொண்டு புதிதாகச் செய்து நிறுத்தினார்கள். அதுவும் இன்று இல்லை. நீங்கள் பார்க்கப் போவது, போனதற்குப் பதிலாக வந்ததன் ரோமானிய நகல். அதிலும் தாடிக்கார அரிஸ்டோகீட்டனின் தலை கிடைக்கவில்லை. வேறொரு நகலின் தலையிலிருந்து அச்செடுத்துச் சாந்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கழுத்துக்கு மேலே வெள்ளை மாறுவது தெரியும்.

இதற்கு ஒரு வால் உண்டு. நேப்பிள்ஸுக்குப் பக்கத்திலேயே பையா என்று ஒரு கடற்கரை ஊர், ரோமானியச் சீமான்களின் உல்லாசத் தலம். 1954இல் அங்கே ஒரு குளியல் மாளிகையைத் தோண்டியபோது சுண்ணச் சாந்துத் துண்டுகள் கிடைத்தன. கிரேக்க வெண்கலச் சிலைகள் மேலேயே அச்செடுத்து வார்த்த மாதிரிகளின் உடைசல்கள். ஒரு நகல் பட்டறையின் குப்பை! அதில் ஒரு துண்டு இந்த அரிஸ்டோகீட்டனின் முகத்தைச் சேர்ந்தது. ஆக, ஏதென்ஸிலிருந்த அசலுக்கு மிக நெருக்கமாக இன்று மிஞ்சியிருப்பது பளிங்குச் சிலை அல்ல, பட்டறையில் வீசியெறிந்த ஒரு சாந்துச் சில்லு. அந்தத் துண்டுகள் பையா கோட்டை மியூசியத்தில் இருக்கின்றன.

சரி, தரைத்தளத்தின் பெரிய ஆளுக்கு வருவோம். ஃபார்னேஸே ஹெர்குலிஸ். ஹெர்குலிஸ் புராண வீரன், ஃபார்னேஸே அவன் சிலையை வைத்திருந்த குடும்பத்தின் பெயர். மூன்று மீட்டருக்கு மேல் உயரம். கி.பி. 216இல் திறந்த, ரோமிலுள்ள கரகல்லாவின் குளியல் மண்டபத்துக்காகச் செய்தது. லிசிப்பஸ் என்ற சிற்பி கி.மு. 4ஆம் நூற்றாண்டில் செய்த வெண்கலத்தின் பளிங்கு வடிவம். கதாயுதத்தை ஊன்றியிருக்கும் பாறையில் நகல் செய்தவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான்: கிளைகோன், ஏதென்ஸ்காரன், செய்தான். நகலுக்குக் கையெழுத்தா என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்த முதுகைச் சுற்றி வந்தபிறகு வரவில்லை.

முன்னாலிருந்து பார்த்தால் களைத்துப்போன ஒரு பயில்வான், அவ்வளவுதான். தலை குனிந்து, கதாயுதத்தின் மேல் தொய்ந்து நிற்கிறான். ஜெயித்த வீரனுக்கு ஏன் இந்தச் சோர்வு? பின்னால் போங்கள். வலது கையை முதுகுக்குப் பின்னே மடக்கி வைத்திருக்கிறான், உள்ளங்கையில் ஆப்பிள்கள். உலகத்தின் கோடியிலிருந்த தோட்டத்துத் தங்க ஆப்பிள்கள் அவை, அவனுக்கு இட்ட கடைசி வேலைகளுள் ஒன்று. வேலை முடிந்துவிட்டது. கொண்டாடத் தெம்பில்லை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். சுற்றி வந்தால்தான் சிலை முடிகிறது.

இப்போது கால் கதை. போப் மூன்றாம் பால், அதாவது அலெசாண்ட்ரோ ஃபார்னேஸே, 1540களில் அந்தக் குளியல் மண்டபத்தைத் தோண்டினார். உடலும் தலையும் தனித்தனியே கிடைத்தன, கால்கள் இல்லை. நம்மூரில் பின்னமான சிலையைப் பூஜையில் வைக்க மாட்டார்கள். அன்றைய ரோமாபுரிச் சீமான்களுக்கும் பின்னமான சிலை அரண்மனையில் நிற்பது பிடிக்காது. காரணம் பக்தி அல்ல, பார்வைக்கு நன்றாக இருக்காது, அவ்வளவே. குலியெல்மோ தெல்லா போர்த்தா என்ற சிற்பி புதிதாகக் கால்கள் செய்து பொருத்தினார். பிறகு பழைய கால்களே கிடைத்துவிட்டன! ஆனால் இந்தக் காலத்துச் சிற்பியும் பழையவருக்குச் சளைத்தவரில்லை என்று காட்டப் புதுக் கால்களே இருக்கட்டும் என்று மைக்கலாஞ்சலோ சொன்னதாகக் கதை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஹெர்குலிஸ் அடுத்தவன் காலில் நின்றான். ஃபார்னேஸே சொத்து, தாய்வழியாக நேப்பிள்ஸ் அரச குடும்பத்துக்கு வந்தது. 1787இல் சிலைகளை ரோமிலிருந்து இங்கே கிளப்பிய சமயத்தில்தான் சொந்தக் கால்கள் திரும்பின. அப்போது ரோமில் இருந்த ஜெர்மன் கவிஞர் கேதே, போலிக் கால்களை இத்தனை காலம் எப்படி நல்லதென்று நினைத்தார்கள் என்று வியந்திருக்கிறார். கழற்றிய கால்களைத் தூக்கிப் போடவில்லை. சிலைக்குப் பின்னால் பாருங்கள், சுவரில் இருக்கின்றன. இரண்டையும் மாறி மாறிப் பார்த்து எது மேல் என்று வீட்டில் ஓட்டெடுப்பு நடத்துங்கள். தெல்லா போர்த்தாவின் கால்களில் தசை கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறது என்பது என் கட்சி.

மகனுக்கு ஒரு விளையாட்டு: மூக்கு வேட்டை. சிலை விழுந்தால் முதலில் போவது துருத்திக்கொண்டிருக்கும் மூக்கு, விரல், முழங்கை. ஃபார்னேஸே சிலைகளில் மூக்கு முழுதாக இருந்தால் அது பெரும்பாலும் பின்னால் ஒட்டியதுதான். பக்கவாட்டில் நின்று பார்த்தால் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியும், மூக்கின் வெள்ளை கன்னத்து வெள்ளையோடு சேராது. ஒரு மணி நேரத்தில் எத்தனை ஒட்டுமூக்கு என்று எண்ணட்டும். எபேசு நகரத்துத் தேவி ஆர்ட்டெமிஸைக் கட்டாயம் காட்டுங்கள்: உடம்பு அலபாஸ்டர் என்ற மஞ்சள் சாயலுள்ள பழைய கல், முகமும் கைகளும் கரிய வெண்கலம். அந்த வெண்கலம் முழுக்க வாலாடியே என்ற ரோம் நகரத்துக் கலைஞர் பிற்காலத்தில் சேர்த்தது. ஃபார்னேஸே காளை, ஒரே பாறையில் செதுக்கிய பெரிய கூட்டம். அண்ணாந்து பார்த்து வாய் பிளக்க நன்றாக இருக்கும். எனக்கு அதில் ஒட்டுவேலை கூடுதலாகத் தெரிவதால் மனம் ஒட்டவில்லை. பத்து நிமிடம் போதும்.

எல்லாம் வெள்ளை என்ற புகாருக்கும் இங்கே பதில் இருக்கிறது. வெள்ளை என்பது மண்ணும் மழையும் கழுவிவிட்ட நிறம். 1760இல் பொம்பெயியில் கிடைத்த சின்னப் பளிங்கு ஆர்ட்டெமிஸின் கூந்தலிலும் ஆடையின் ஓரத்திலும் பூசிய வண்ணத்தின் மிச்சம் கண்டார்கள். பொம்பெயியிலிருந்து வந்த இன்னொரு சிலையில் வீனஸ், செருப்பு வாரைச் சரிசெய்ய ஒற்றைக் காலில் குனிந்து நிற்கிறாள். அவள் உடம்பில் தங்கப் பூச்சால் போட்ட மார்க்கச்சை இன்னும் மின்னுகிறது.

மாடியில்தான் உண்மையான வெண்கலம். வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் பொம்பெயியோடு சேர்த்துப் பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தையும் மூடியபோது பாப்பிரஸ் மாளிகை என்று இன்று அழைக்கும் கடலோர வீடு முழுதாக மண்ணுக்குள் போனது. 1750இல் கிணறு தோண்டியவர்கள் அதில் இடித்துக்கொண்டார்கள்; பிறகு சுரங்கம் வழியாகச் சிலைகளை ஒவ்வொன்றாக இழுத்தார்கள். உருக்கப்படாமல் தப்பியதற்கு எரிமலைதான் காரணம். அங்கிருந்து வந்த இரண்டு ஓட்டக்காரச் சிறுவர்கள் முன் கால் மணி நேரம் நில்லுங்கள். பந்தயம் தொடங்கப் போகிறது, உடம்பு முன்னால் சாய்ந்து, ஒரு குதிகால் தரையை விட்டு எழும்பியிருக்கிறது. கணுக்காலைப் பாருங்கள்: கட்டை இல்லை, முட்டு இல்லை! அப்புறம் கண்கள். வெள்ளை விழிக்குத் தனிப் பொருள், பாவைக்குக் கரிய கல் என்று பதித்திருக்கிறார்கள். பளிங்குச் சிலைகளின் வெறும் முட்டைக் கண்ணுக்குப் பழகியபின் இந்தப் பார்வை ஆளைத் தூக்கிவாரிப் போடும். அவன் உங்களைப் பார்க்கவில்லை, எல்லைக்கோட்டைப் பார்க்கிறான்.

ஆனால் வெண்கலத்திலும் ஒட்டு உண்டு. மசோக்கி குதிரை என்று ஒன்று நிற்கிறது. ஹெர்குலேனியத்தில் நான்கு குதிரை பூட்டிய தேர்ச் சிலை துண்டு துண்டாகக் கிடைத்தது. பல துண்டுகளை வேறு வேலைக்காக உருக்கிவிட்டு, மிஞ்சியதைச் சேர்த்து ஒரே ஒரு குதிரையை ஒப்பேற்றினார்கள். இந்த அலட்சியத்தைப் பற்றி வின்கெல்மன் என்ற கலை வரலாற்றாளர் அந்தக் காலத்திலேயே கோபமாக எழுதினார். நான்கு குதிரைகளின் ஆவி ஓர் உடம்பில்.

இடைத்தளத்தில் மொசைக். நம் வீட்டு மொசைக் தரை நினைவுக்கு வருகிறதா? இதுவும் தரைதான், பொம்பெயியில் ஃபான் வீடு என்ற மாளிகையில் மிதிபட்டுக் கிடந்தது. 1831இல் கண்டெடுத்தார்கள், 1843இல் இங்கே கொண்டுவந்தார்கள். அலெக்சாண்டரும் பாரசீக மன்னன் தாரியஸும் மோதும் போர். ஐந்து மீட்டருக்கு மேல் அகலம், ஏறக்குறைய 15 லட்சம் கற்கள், ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர். நிறம் நாலே நாலு குடும்பம்: வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. இதுவும் நகல்தான் என்று இதற்குள் ஊகித்திருப்பீர்கள். கிரேக்க ஓவியம் ஒன்றைப் பார்த்துக் கல்லில் இழைத்தது, அந்த ஓவியம் அழிந்துவிட்டது.

இடப்பக்கம் சிதைந்த பகுதியில் தலைக்கவசமில்லாத அலெக்சாண்டர். அவரை எல்லோரும் படம் எடுப்பார்கள், எடுக்கட்டும். படத்தின் நடுவம் அவரல்ல. தேரில் நின்றபடி, தனக்காகக் குத்துப்பட்டுச் சாகும் வீரனை நோக்கிக் கையை நீட்டும் தாரியஸ். தேரோட்டி மன்னனைக் கேட்காமலே சாட்டையைச் சுழற்றிக் குதிரைகளைத் திருப்பிவிட்டான். தேர்ச் சக்கரத்தின் அருகே கீழே விழுந்த ஒருவன் பளபளக்கும் கேடயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கேடயத்துக்குள் பாருங்கள், அவன் முகம் பிரதிபலிக்கிறது. தான் சாகும் நேரத்தில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். வென்றவன் சொல்ல வைத்த படம் என்று நினைத்துப் போவோம். பரிவெல்லாம் தோற்றவன் பக்கம் நிற்கிறது. இந்த மியூசியத்தில் எனக்கு ஒரே ஒரு பொருளுக்குத்தான் நேரம் என்றால் இங்கேதான் போவேன். சில ஆண்டுகளாக இதற்குப் பழுதுபார்ப்பு நடந்தது. கூடங்களும் அவ்வப்போது மூடப்படும். அதனால் கிளம்பும் முன் மியூசியத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பொம்பெயி வீட்டின் தரையில் இருப்பது 2005இல் பதித்த பிரதி.

சுவரோவியங்கள் ஏராளம், எல்லாம் பார்க்க முடியாது. மூன்று போதும். மெழுகுப் பலகையும் எழுத்தாணியும் பிடித்த மனைவியோடு நிற்கும் தெரென்டியஸ் நியோ. படிக்கத் தெரிந்தவர்கள் என்று காட்டிக்கொள்ளும் ஒரு சாதாரணத் தம்பதி. முதுகைக் காட்டிப் பூப்பறித்துக்கொண்டே போகும் பூக்களின் தேவி ஃப்ளோரா. போஸ்டர்களில் பார்த்துப் பெரிதாக நினைத்திருப்பீர்கள், ஒரு நோட்டுப் புத்தகத்தை விடக் கொஞ்சம்தான் பெரிது. கி.பி. 59இல் பொம்பெயி அரங்கில் இரண்டு ஊர் ரசிகர்கள் அடித்துக்கொண்ட கலவரத்தின் படம். அதற்காகப் பத்து வருடம் அங்கே ஆட்டமே நடத்தக் கூடாதென்று தடை விழுந்தது. கருகிய ரொட்டியையும் தேடுங்கள். ஹெர்குலேனியத்து ரொட்டி ஒன்றில், செலெர் என்ற அடிமையின் பெயரும் அவனுடைய எஜமானின் பெயரும் முத்திரையாகப் பதிந்திருக்கின்றன.

மாமியார் வருகிறார் என்றீர்கள். சிலைகளில் ஆடை குறைவு, அது அவருக்கும் தெரிந்ததே. இடைத்தளத்தில் இரகசிய அறை என்று ஒன்று தனியாக, கம்பிக் கதவோடு இருக்கிறது. 1819இல் பட்டத்து இளவரசர் மனைவி மகளோடு வந்து பார்த்துச் சங்கடப்பட்டு, இதையெல்லாம் பூட்டிவையுங்கள் என்று உத்தரவிட்டார். பொதுமக்களுக்கு ஒழுங்காகத் திறந்தது 2000இல்தான். பொம்பெயி, ஹெர்குலேனியத்தில் கிடைத்த காமச் சித்திரங்களும் ஆண்குறி உருவங்களும் உள்ளே. உருவங்களில் பல, மணி கட்டி வாசலில் தொங்கவிட்ட திருஷ்டிப் பொருள்கள். கண்ணேறு கழிக்க என்று சொன்னால் மாமியாருக்கு நம்மைவிடச் சுலபமாகப் புரியும். மகனை அழைத்துப் போவதா என்பது உங்கள் முடிவு. சிறுவர்களைப் பெரியவர் துணையோடுதான் விடுவார்கள்.

அந்த அறையோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு பொருளுக்காக மட்டுமாவது விசாரியுங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் ஒரு தந்தச் சிலை. நகை மட்டும் அணிந்து, காலைப் பின்னி நிற்கும் ஒரு பெண், இருபுறமும் இரண்டு சிறு தோழிகள். 1938இல் பொம்பெயியின் பெரிய தெருவொன்றிலிருந்த வீட்டில் கிடைத்தது. இந்தியாவில் செய்தது. பொம்பெயி லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். லட்சுமியைவிட யட்சி என்பது பொருத்தம் என்று பலர் சொல்கிறார்கள், நானும் அப்படியே. அடியில் கரோஷ்டி என்ற பழைய வடமேற்கு இந்திய எழுத்து ஒன்று இருக்கிறது, மகாராஷ்டிரத்தின் போகர்தனில் இதே சாயலில் தந்தச் சிலை கிடைத்திருக்கிறது. உச்சந்தலையில் ஒரு துளை: முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பிடியாகவோ மேசை நாற்காலிக்குக் காலாகவோ இருந்திருக்க வேண்டும். மிளகு போன வழியில் இவளும் போயிருக்கிறாள். எதிர்த்திசையில் வந்தது மது. வெசுவியஸ் வட்டாரத்து எரிமலைக் கருமணல் கலந்த மண்ணால் செய்த ஜாடிகளின் துண்டுகள் புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்று புறநானூறு பாடும்போது, அதில் கொஞ்சம் இந்த மலையடிவாரத்துத் திராட்சையாகவும் இருந்திருக்கலாம்.

காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். முதலில் தரைத்தளத்துக் கணுக்கால்களும் ஒட்டுமூக்குகளும், பிறகு நேரே மாடிக்கு வெண்கலம், நடுவில் ஒரு காபி, கடைசியில் மொசைக். மாமியாருக்கு ஃபார்னேஸே கூடத்தில் உட்கார ஓரிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நீங்கள் மாடிக்கு ஓடலாம்.

திரும்பும்போது பக்கத்திலேயே மியூசியோ மெட்ரோ நிலையம். படி இறங்கினால் அங்கேயும் ஒரு ஹெர்குலிஸ் நிற்பான், அசல் அளவில் ஒரு நகல். கால் யாருடையது என்று மகனைக் கேளுங்கள்.